அம்மா குளிக்கிறா

முதலில் நெருப்புப்பெட்டி.
குச்சியை உன் பக்கம் இழுக்காதே, வெளியே தள்ளு என்றேன்.
ஆறு குச்சி முறிந்தது. ஏழாவது பற்றியதும்
பயந்து சிங்குக்குள் எறிந்தான் மிதுஷன்.
பரவாயில்லை,
எங்கே எறிவது என்பதும் தெரிந்திருக்கவேணும்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை,
நாலாம் மாடி, பாதி நாள் ஓடாத லிஃப்ட்.
உப்புக்காற்று தின்ற பூட்டு;
திறப்பைக் கொஞ்சம் தூக்கிப் பிறகு திருப்பவேணும்.
அதைக் காட்ட ஒரு ஞாயிறு போனது.
காஸ் ரெகுலேட்டருக்கு இன்னொரு ஞாயிறு:
சவர்க்கார நுரை பூசு,
கசிந்தால் கொப்பளிக்கும் என்றேன்.
தங்கச்சி தேனுகா அதைக் குமிழி ஊதும் விளையாட்டாக்கினாள்.
அரைப் போத்தல் காலி.
கசிவு இல்லை.

சோறுதான் என்னை ஏமாற்றியது.
அரிசிக்கு மேலே விரலை வை,
முதல் கோடு வரைக்கும் தண்ணி.
எனக்குச் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு
வேலைக்குப் போய் வந்தால்
சட்டி நிறையச் சரளைக்கல்.
அவன் விரலை என் விரலோடு ஒட்டிப் பார்த்தோம்.
என்னுடைய முதல் கோட்டுக்குப் பக்கத்தில்
அவனுடைய இரண்டாவது.
ஒன்பது வயது விரலுக்கு
ஒருவரும் அளவு சொல்லி வைக்கவில்லை.
"அப்ப எனக்கு ரெண்டு கோடு"
என்றான், ஏதோ கண்டுபிடித்தவன்போல.
கண்டுபிடித்துத்தான் இருந்தான்.

நான் ஆஸ்பத்திரி லாபில்
இரத்தக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டுகிறவள்.
பின்னேர ஷிஃப்ட் முடிய ஒன்பது தாண்டும்.
அவர்களுடைய அப்பா கத்தாரில்,
போனில் நெற்றி மட்டும் வரும்.

அதனால் கடைசிப் பாடம்.
ஆராவது கதவு தட்டினால்
அம்மா இல்லை என்று சொல்லாதே.
அம்மா குளிக்கிறா என்று சொல்லு.
சிங்களத்திலும் பழகு: அம்மா நானவா.
"பொய் சொல்லக்கூடாது எண்டனீங்கள்"
என்றாள் தேனுகா.
நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.
வெட்டி முடியும்வரை பதில் வரவில்லை,
அதற்குப் பிறகும்.

வெள்ளிக்கிழமை மழை.
141 பஸ் வெள்ளத்தில் நின்றுவிட்டது,
இறங்கி நடந்தேன்.
ஒழுங்கை முழுக்கக் கரண்ட் இல்லை.
போன் செத்திருந்தது, திறப்பு லாபில்.
நாலு மாடியும் சுவரைத் தடவி ஏறி
தட்டினேன்.

"அம்மா குளிக்கிறா."

மழைக்குத் தொண்டை கட்டியிருந்தது.
மிது, நான்தான்டா.
"அம்மா நானவா."
டேய், அம்மாடா.
கதவுக்கு அந்தப்பக்கம்
யோசிக்கிற மூச்சு கேட்டது.
"அப்ப சோத்துக்கு எத்தினை கோடு?"

உனக்கு ரெண்டு. எனக்கு ஒண்டு.

திறப்பு கொஞ்சம் தூக்கி, பிறகு திரும்புகிற சத்தம்.

மேசையில் கோப்பைக்குள் மெழுகுதிரி,
தீக்குச்சி சிங்குக்குள்.
தேனுகா சோபாவில் நித்திரை,
கன்னத்தில் ஒரு சோற்றுப் பருக்கை.
வேறொரு மழையும் கேட்டது, வீட்டுக்குள்.
பாத்ரூம் கதவில் என் துவாய் தொங்கியது.
உள்ளே ஷவர் முழுதாகத் திறந்து
ஆளில்லாமல் பெய்துகொண்டிருந்தது.

"சத்தம் கேக்கோணும்தானே" என்றான்.
எப்பயிருந்து?
"ஏழு மணிக்கு ஆரோ தட்டினது. அதிலயிருந்து."
ஆர்?
"தெரியேல்ல. ரெண்டு தரம் தட்டினது."

இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.
தண்ணி பில்லைப் பற்றிய பாடம் அடுத்த ஞாயிறு.
குழாயை மூடப் போன கை
மூடாமல் நின்றது.
உடுத்த சேலையோடு, லாப் அட்டை கழுத்தில் தொங்க,
இருட்டில் அதற்குக் கீழே போய் நின்றேன்.

வெளியே தேனுகா முழித்து
எங்கே என்று கேட்டாள்.
அவன் சொன்னது கேட்டது,
அதே குரலில்,
அதே இரண்டு சொல்.